ஆரணியில் யார் சமூசா என்பார்?

என் அப்பாவுக்குச் சந்தேகம் மூச்சு விடுவது மாதிரி. தபால்காரர் சிரித்தால்கூட, ஏன் சிரித்துவிட்டுப் போகிறான் என்பார். ஆரணியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை எங்களைப்போலப் பட்டு நெய்கிறவர், சொந்தத் தறி, ஒரே பிள்ளை, பெற்றோர் இருவரும் ஆரணிக்காரர்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"எல்லாம் இவ்ளோ சரியா இருக்குதுன்னா எங்கியோ இடிக்குது" என்றார் அப்பா.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை முதலில் கூடத்திலிருந்த தறியைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்க்க வந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்ததுபோல் நிமிர்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சித்தப்பா பாய் கடையிலிருந்து சம்சா வாங்கி வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "சமூசா மொறுமொறுன்னு இருக்கு" என்றார்.

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "சமூசாவா? ஆரணியிலயும் சம்சான்னுதானே சொல்லுவாங்கோ?"

"கடைக்கார பாயே சமோசான்றாரு. ஊருக்கு ஒண்ணு சொல்றாங்கோ, வுடுண்ணா" என்றார் சித்தப்பா. மாப்பிள்ளையின் அப்பா, எந்த ஊர்க்காரர் எப்படிச் சொல்வார் என்று நீட்டி முழக்க ஆரம்பித்தார். இவ்வளவு விளக்கம் எதற்கு என்று எனக்கே உறுத்தியது. அப்பா எழுந்துபோய், அந்த வாரம் தறியிலிருந்து அறுத்த புடவையை எடுத்து வந்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார். "சும்மா பாருங்கம்மா."

வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். இந்தச் சந்தேகப்படும் குணம்தான் அவர் எனக்குக் கொடுத்த சீதனம்.

அந்த அம்மா புடவையை விரித்தார், முந்தானையைத் தடவினார், கரையைப் புகழ்ந்தார். பேசிக்கொண்டே மடிக்கவும் தொடங்கினார். நாங்கள் பட்டையாக, சதுரமாக மடிப்போம். அவர் விரல்களோ கொசுவம் கொசுவமாக எடுத்து விசிறிபோல் அடுக்கின. திருபுவனத்து நெசவாளர் வீடுகளில் மடிக்கிற மடிப்பு அது. பாதியில் அவருக்கே தெரிந்துவிட்டது. கை நின்றது.

"நான் பொறந்தது திருபுவனம்" என்றார். "வேற ஜாதி. இவர் அங்க தறி வேலைக்கு வந்தப்போ கூடவே வந்துட்டேன். எங்க வீட்டுல இன்னும் பேசுறதில்லை."

"மறைக்கச் சொன்னது நான்தாங்க" என்றார் மாப்பிள்ளை. "முன்னாடி ஒரு வீட்டுல உண்மையைச் சொன்னோம். தண்ணி கூட குடுக்கல."

அப்பா புடவையை வாங்கிக்கொண்டார். "சொல்லி அனுப்பறோம்" என்றார். அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். அந்த அம்மா தலை குனிந்து எழுந்தார். அடுப்பங்கரைக் கதவை விட்டு வெளியே வந்தேன்.

"எனக்கு சம்மதம்பா."

அப்பா அதுவரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை என் பக்கம் திருப்பினார்.

"இவர உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா."

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று என் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் பார்த்தாள்.