ஆற்றில் விடாத சேலை

தகரம் அடித்த மூடி, அதைப் பூட்ட ஒரு சங்கிலி, இழுக்க இரண்டு கிழட்டு மாடுகள். திருநெல்வேலி நகரசபைக் குப்பை வண்டி என்றால் இன்றும் அதுதான் என் கண்ணில் நிற்கிறது. நான் அங்கே குமாஸ்தா. வண்டிகளுக்குப் பொறுப்பு மேஸ்திரி அண்ணாச்சி. அவரோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. விளிம்புக்கு மேல் குப்பை ஏற்றக்கூடாது. மூடியைப் பூட்டாமல் மாட்டை அதட்டக்கூடாது. அடிப்பலகை ஒழுகினால் வண்டி தெருவில் இறங்காது. வண்டியை வாய்க்காலில் கழுவிய ஒருவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முதுகுக்குப் பின்னால் நானும் அவரைத் திட்டியிருக்கிறேன்.

ஒரு கோடையில் ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. செத்தவர் உடுத்திய துணியை ஆற்றில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டால்தான் போன உயிர் கரையேறும் என்று நம்பினோம். அண்ணாச்சி படித்துறைக்கு மேலேயே வண்டியை நிறுத்தினார். ஒவ்வொரு மூட்டையையும் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஊருக்கு வெளியே குழியில் போட்டு எரித்தார். சனங்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர் அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டினார்.

அந்த நோயிலேயே அவருடைய அம்மாவும் போய்விட்டார். என் சேலையை ஆற்றில் விடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். மறுநாள் காலை அண்ணாச்சியின் தங்கச்சி அந்த அரக்குச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். படித்துறையில் இருந்த அத்தனை பேரும் அண்ணாச்சியையே பார்த்தார்கள். தன் வீட்டுத் துணியை ஆற்றில் விட்டுவிட்டால், அடுத்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பார்? அவர் சங்கிலியைக் கழற்றி மூடியைத் திறந்தார்.

“பெத்தவ சேலையைக் குப்பை வண்டியிலயா போடச் சொல்லுத?” என்றார் தங்கச்சி.

“ஆத்துல விட்டா, கீழ ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் இந்தத் தண்ணியத்தான குடிக்காவ.”

தங்கச்சி சேலையை உள்ளே எறிந்தார். “இனி நீ எனக்கு அண்ணனில்ல” என்றார். ஆனாலும் வண்டிக்குப் பின்னாலேயே குழிவரைக்கும் நடந்து வந்தார். எனக்கு அண்ணாச்சி மேல் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு சேலை, விட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று நினைத்தேன்.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. படித்துறையில் துணிமூட்டைகள் மிதக்கின்றன, கேட்க நாதியில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழியடிதான் நினைவுக்கு வரும். அன்று எல்லாம் சாம்பலாகும்வரை அண்ணாச்சி நகரவில்லை. அழுதுகொண்டேதான் தீயைக் கிளறினார். பிறகு கொதிக்கவைத்த தண்ணீரை ஆற்றி, செம்பில் மொண்டு தங்கச்சி முன்னால் போய் நின்றார்.

“சேலையைத் தொட்ட கை. கழுவு தாயி. அம்மைதான் போயிட்டா. நீயாவது இரு.”

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினார்.