கடப்பாக்கல் படியும் எலுமிச்சம்பழமும்

என் கடைக்குக் கல் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாசலில் எலுமிச்சம்பழம் வைக்கிற பழக்கம் உண்டா என்றுதான். இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்ப்பார்கள். கடப்பாக்கல், கோட்டா, தாண்டூர் எல்லாமே சுண்ணாம்புக்கல் வகைதான், புளிப்பு பட்டால் அரித்துவிடும் என்று சொல்லி, பாலிஷ் போட்ட கருப்புத் துண்டொன்றில் எலுமிச்சையைப் பிழிந்து காட்டுவேன். சற்று நேரம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கும். வாசலுக்கு லெதர் பினிஷ் போடுங்கள், அந்தச் சொரசொரப்பில் கறை அவ்வளவாகத் தெரியாது, மழைக்கும் வழுக்காது என்பேன். அறந்தாங்கி சாலையில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. ஒரே ஒரு அம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அந்த அம்மாள் பதினான்கு வருடத்துக்கு முன்னால் தன் மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர். கேசரித் தட்டை நீட்டிய என் கையைப் பிடித்து, வளையல்களை மேலே தள்ளி, மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். வெயில் படாத இடத்தில் என்ன நிறம் என்று பார்த்தாராம். மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள்கூட அத்தனை நேரம் பார்க்க மாட்டார்கள். பிறகு என் அம்மாவிடம், நான் அங்கேயே நிற்கும்போதே சொன்னார்.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா உள்ளயும் கருப்புதான். நாளைக்குப் பொறக்குற பிள்ளைகளையும் பாக்கணும்லங்க.”

கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் என் அம்மா தினமும் எலுமிச்சை மூடியால் என் முகத்தையும் கையையும் தேய்த்தாள். எரியும். அழுதால் இன்னும் எரியும். நான் துளிகூட வெளுக்கவில்லை. அப்புறம் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, கடையும் வைத்து, நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் அந்த மணிக்கட்டை நான் மறக்கவில்லை. மறக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

போன வருடம் அதே அம்மாள் என் கடைக்கு வந்து நின்றார். அரிமளம் பக்கம் வீடு கட்டுகிறார்களாம், வாசற்படிக்குக் கல் வேண்டுமாம். என்னை அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரிவதற்கு! கோட்டாவின் பச்சையைக் காட்டினேன், பாசி பிடித்ததுபோல் இருக்கிறது என்றார். தாண்டூரின் மஞ்சளைக் காட்டினேன், சோகை பிடித்ததாம். சாம்பல் நிறத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடப்பாக்கல் பலகை ஒன்றில் ஈரத்துணியை ஓட்டினேன். நனைந்ததும் கருகருவென்று முகம் காட்டியது. அம்மாளுக்குக் கண் விரிந்துவிட்டது.

“இது நல்லாருக்கும்மா. எம்புட்டுக்கு எம்புட்டு கருப்போ அம்புட்டுக்கு நல்லது. கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் குடுத்துரு.”

எலுமிச்சைக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டு, போட்டுவிடலாம் அம்மா என்று சிரித்தேன்.

குடிபோன அன்று வாசலின் இரண்டு பக்கமும் எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வைப்பார்கள். ஒவ்வொரு வெள்ளியும் கணக்குப்பிசகாமல் அதை நினைத்துக்கொள்வேன். அன்றைக்குச் சோறுகூட ருசியாக இறங்கும்.

மூன்று மாதம் போயிருக்கும், அந்த வீட்டு மருமகள் வந்தாள். செக்கச்செவேலென்று இருந்தாள், ஆனால் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. போனில் படம் காட்டினாள். கருப்புப் படியின் இரண்டு ஓரத்திலும் அரைப்பழ அளவுக்கு இரண்டு வெள்ளை வட்டங்கள். பழம் வைப்பது அவள் வேலையாம். அவள் கை பட்ட இடத்தில் கல்லே வெளுத்துவிட்டது, ராசியில்லாத கை என்று மாமியார் ஊரெல்லாம் சொல்கிறாராம். அவளை விளக்கேற்ற விடுவதில்லையாம். அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு நடக்கிறதாம்.

“கல்லுல குத்தமா, எங்கையில குத்தமா? நீங்களாச்சும் சொல்லுங்கக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. நான் எறிந்த கல் இவள் மண்டையில் விழுந்திருக்கிறது. ஆனால் மாமியார் மேல் இருந்த கோபம் தணியவில்லை, இரட்டிப்பானது. அன்றைக்கு என் கையைத் திருப்பிப் பார்த்தவர் இன்றைக்கு இவள் கையைப் பழிக்கிறார். பாலிஷ் மெஷினைத் தூக்கி வண்டியில் போட்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தாரும் இரண்டு பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. எலுமிச்சையை அறுத்து, எவர் கையும் படாத படியின் நடுவில் அவரையே வைக்கச் சொன்னேன். அரைமணி நேரம் பொறுத்து எடுக்கச் சொன்னேன். அவர் கை வைத்த இடமும் வெளிறியிருந்தது.

“எல்லாருக்கும் நான் முன்னாடியே சொல்லிருவேன். ஒங்களுக்குத்தான் சொல்லல,” என்றேன். வளையலைத் தள்ளி மணிக்கட்டைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். “இதப் பாத்தா ஞாபகம் வருதா பாருங்க.”

வந்துவிட்டது. அம்மாள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றி, மெஷினில் தேய்ப்புப் பட்டைகளைச் சொரசொரப்பிலிருந்து நயத்துக்கு மாற்றி மாற்றித் தேய்த்து, வலது பக்கத்து வட்டத்தை எடுத்தேன். நடுவில் இருந்ததையும் எடுத்தேன். மெஷின் வயரைச் சுருட்டிக் கட்டும்போது, இடது பக்கம் ஒன்று இருக்கிறதே என்று அம்மாள் மெல்லக் கேட்டார்.

“அது இருக்கட்டும்மா. வெளுப்புன்னா ஒங்களுக்குப் பிடிக்குமே.”

மருமகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவினாள். இடது பக்கத்து வட்டத்தைத் துடைப்பத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள், பளிச்சென்று தெரிகிற மாதிரி.