பாட்டுக்காரரும் மாட்டுக்காரரும்

பள்ளிபாளையத்தில் நான் தறி ஓட்டிய காலத்தில் கோட்டுப் படம் என்றால் எல்லோருக்கும் தெரியும். படத்துக்கு வேறு பெயர் இருந்தது. நாங்கள் அதைச் சொன்னதில்லை. கதாநாயகன் உளவாளி. சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டான். அதனால் கோட்டுப் படம். முதல் படம் நன்றாக ஓடியது. அதே உளவாளியை வைத்து இரண்டாவதும் எடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் இசை. மூன்றாவது வரப்போகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் இசை என்ற இடத்தில் பெயரைக் காணோம். வெள்ளைத் தாள் ஒன்றை வெட்டி அந்த இடத்தை மறைத்திருந்தார்கள்.

அந்த வெள்ளைத் தாளைப் பற்றித்தான் ஒரு வருடத்துக்கு மேல் பேசினோம். தறிக் குடோனுக்கு எதிரே டீக்கடை. அங்கே ரேடியோ இருந்தது. ஷிப்டு முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். எங்களில் யாருக்கும் ஒரு சுரம் தெரியாது. ஆனால் பாட்டு ஆரம்பித்த உடனே இது யார் போட்ட மெட்டு என்று சொல்லிவிடுவோம். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு டீ ஆறும்வரை கேலிதான்.

பழைய ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் பாட்டுக்காரர். அப்போதுதான் புதிதாக ஒருவர் கிளம்பியிருந்தார். அவருடைய முதல் படத்தில் எல்லாப் பாட்டிலும் மாட்டு மணி கேட்கும். அவருக்கு மாட்டுக்காரர் என்று பெயர் வைத்தோம். கேலியாக வைத்ததுதான். பிறகு அவருடைய பாட்டு ஊரெல்லாம் ஓடியது. அப்போதும் மரியாதையோடு மாட்டுக்காரர் என்றே சொன்னோம்.

மூன்றாவது கோட்டுப் படம் இவருக்கா அவருக்கா என்பதுதான் பேச்சு. ஆளுக்கு ஒரு துப்பு வைத்திருந்தார்கள். சவரக்கடைக்காரர் தன் ஒன்றுவிட்ட தம்பி மெட்ராஸில் டிரம் அடிக்கிறான் என்பார். அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள், அவன் பாட்டுக்காரர் குழு, அதனால் பாட்டுக்காரர்தான் என்பார். மறுவாரம் அவனைக் கூப்பிடவில்லையாம் என்பார். ஒரு லாரி டிரைவர் தயாரிப்பாளருக்கும் பாட்டுக்காரருக்கும் சண்டை என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால், லோடு இறக்கும்போது கேள்விப்பட்டேன் என்பார். எங்கே இறக்கினார் என்பதைச் சொல்ல மாட்டார்.

எனக்கு எதிர்த்தறி ஓட்டியவன் மோகனூர்க்காரன். என் வயதுதான். கரும்புக் காட்டு வேலை பிடிக்காமல் தறிக்கு வந்தவன். அவன் மாட்டுக்காரர் கட்சி. நான் பாட்டுக்காரர் கட்சி. எங்கள் இருவரின் வாயைப் பார்ப்பதற்கென்றே சிலர் டீக்கடைக்கு வருவார்கள்.

நான் அவனிடம் உளவாளி மாட்டு வண்டியிலா எதிரியைத் துரத்துவான் என்று கேட்டேன். அவன் டீயை வைத்துவிட்டுச் சொன்னான்.

"உன்ற ஆளு தாலாட்டுப் போட்டா வில்லனே தூங்கிருவான் மாப்ள. அப்பறம் உளவாளிக்கு என்ன வேலை? கோட்டை மடிச்சு வெச்சுட்டு ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. துரத்துகிற காட்சிக்கு மாட்டுக்காரர்தான் சரி. அது எனக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு அப்போது காது போய்க்கொண்டிருந்தது.

தறிக்காரனுக்குக் காது போவது புதிதில்லை. அது முழுதாக ஒரே நாளில் போகாது. மேலே இருந்து தேயும், கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் முதலில் போகும். எனக்கு முதலில் போனது சைக்கிள் மணி. ஒருவன் பின்னால் வந்து இடித்துவிட்டு, மணி அடிச்சனே கேக்கலியா என்று திட்டினான். அப்புறம் மனைவியின் மெட்டிச் சத்தம். அதன் பிறகு பாட்டில் ஓட்டை விழ ஆரம்பித்தது. பல்லவி கேட்கும். நடுவில் புல்லாங்குழல் வருகிற இடம் வெறும் இடமாக இருக்கும். ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள். அப்போது புரிந்தது.

பாட்டுக்காரர் கனமான சத்தக்காரர். முதல் இரண்டு கோட்டுப் படத்திலும் உளவாளி நடந்து வரும்போது தடித்த தந்தி ஒன்று தொம் தொம் என்று விழும். அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்துவிடும். மாட்டுக்காரருடையது குழல், மணி, வயலின். எனக்குப் போய்விட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. மூன்றாவது படம் அவர் கைக்குப் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டுக்காரரிடம் வந்தால் இன்னும் ஒரு படம் கேட்கலாம். அதற்காகத்தான் கட்சி கட்டினேன். ரசனைக்காக இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. தறி பழுதானால் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தறியை நிறுத்துவோம். காது போனவனுக்கு நல்ல தறி கொடுக்க மாட்டார்கள். ஈரோட்டில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தறியை விட்டுவிடு என்றார். விட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் அதே குடோனில் தார் சுற்றினாள், தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. டீக்கடைச் சண்டை அவள் காதுக்கும் போயிருந்தது. ஒரு நாள் சோறு போட்டுவிட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அவுங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. கேக்குலீன்னு சொன்னா ஆரு என்ன பண்ணப்போறாங்க?"

சொன்னா காது வந்துருமா என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குடோனுக்குள் எனக்குக் கஷ்டமே இல்லை. தறி ஓடும்போது அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லோருமே வாயசைவைப் பார்த்துத்தான் பேசுவோம். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைப்போம். கூடவே கையால் ஒரு சாடை காட்டுவோம். முதலாளி வந்தால் மீசையை முறுக்குகிற சாடை. டீ என்றால் கட்டை விரல். சாடை இல்லாவிட்டால் தப்பு வரும். ப என்பதற்கும் ம என்பதற்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். பாட்டுக்காரர் என்று சொல்லிப் பாருங்கள். மாட்டுக்காரர் என்று சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதனால் மாட்டுக்காரர் என்றால் இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைப்போம்.

ஒரு நாள் மோகனூர்க்காரன் ஷிப்டுக்குத் தாமதமாக வந்தான். ஈரோட்டில் இருந்து நேராக வருகிறான் என்று தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அவன் தறியில் இழை அறுந்து கிடந்தது. வந்ததும் வராததுமாக இரண்டு கையாலும் இழையைப் பிணைத்துக்கொண்டே என்னைப் பார்த்து வாயசைத்தான். வெள்ளைத் தாளை எடுத்துவிட்டார்களாம். பெயர் போட்டுவிட்டார்களாம். கடைசியில் ஒரு சொல். கை இரண்டும் இழையில் இருந்தது. கொம்பு இல்லை.

நான் பாட்டுக்காரர் என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் தோற்றுப்போய்ச் சிரிக்கிறான், பெரிய மனசு என்று நினைத்தேன். டீக்கடையில் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. ஜெயித்த பிறகு பேசக் கூடாது என்று இருந்தேன். அவனும் என்னைச் சீண்டவில்லை. நான் தோற்றவன் என்று நினைத்து அவன் விட்டுவிட்டான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் ஊர்ச் சுவரொட்டியில் வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது, விடை தெரிந்துவிட்டதால் கடையில் அந்தப் பேச்சும் ஓய்ந்துவிட்டது. அந்தச் சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். தறி ஓடும்போது உள்ளுக்குள் தொம் தொம் என்று சொல்லிக்கொள்வேன். மனைவி என்ன விசேஷம் என்று கேட்டாள். பாட்டுக்காரர்தானாம் என்றேன். அவளும் சிரித்தாள்.

படம் வந்தது. ஒரு லீவு நாளில் நானும் அவனும் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்கு நடந்தோம். பகல் காட்சி. டிக்கெட்டுக்கு நல்ல கூட்டம். உள்ளே போய் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. திரையில் ரயில் நிலையம். புகை. கோட்டுக்காரன் தூரத்தில் இருந்து நடந்து வருகிறான். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

அவன் நடந்தான். படியேறினான். பெட்டியைத் தூக்கினான். எனக்கு மின்விசிறி சுற்றுகிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்தேன். யாராவது கத்துவார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் உதட்டைக் குவித்து வைத்திருந்தார்கள். முன் வரிசை, பின் வரிசை, பெண்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள்கூட. உளவாளி சீட்டியடித்துக்கொண்டே வருகிறான், தியேட்டரே கூடச் சேர்ந்து சீட்டியடிக்கிறது. மெட்டு முழுக்கச் சீட்டி. பக்கத்தில் மோகனூர்க்காரன் என் பக்கம் திரும்பினான். திரை வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. இரண்டு விரலைத் தலையில் வைத்துக் கொம்பு காட்டினான்.

நான் தலையாட்டினேன். படம் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரை யார் சுட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெளியே வந்து பாலத்தில் நடந்தோம். சாயங்கால வெயில். ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. அவன் உதடு குவிந்தே இருந்தது. பாலத்தின் பாதிவரை அந்த மெட்டையே சீட்டியடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அப்புறம் நின்று, இப்பச் சொல்லு மாப்ள, ஒத்துக்கறியா என்றான். அவனுக்கு என் வாயால் கேட்க வேண்டும். ஒரு வருடம் அதற்காகக் காத்திருந்தான்.

நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

"எனக்கு ஒண்ணுமே கேக்குலடா," என்றேன். "சீட்டி, குழலு எல்லாம் போயி ரொம்ப நாளாச்சு. தடியாப் போட்டாத்தான் கேக்கும். அதுக்குத்தான் உனக்கு எதுத்தாப்ல கட்சி கட்டுனன்."

அவன் சிரிக்க வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினான். ஏதோ சொன்னான். தோள் அசைந்ததை வைத்துச் சொன்னான் என்று தெரியும். நீளமாகவே சொன்னான். உதடு தெரியவில்லை. எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நடந்து ஊர் வந்தோம்.

மறுநாளில் இருந்து அவன் பேசுவதற்கு முன் என் தோளைத் தொட்டான். கடையில் மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பான் போல. கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. பெஞ்சில் ரேடியோ பக்கத்து இடத்தை எனக்கு விட்டார்கள். டீக்கடைக்காரர் "குடி சாமி" என்று டம்ளரைக் கையில் கொடுத்தார். குடோனில் யாரும் முதலாளியிடம் காட்டிக்கொடுக்கவில்லை. என் தறிச் சத்தம் மாறினால் மோகனூர்க்காரன் ஓடி வந்து நிறுத்துவான். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் போய் உட்கார்ந்தால் சினிமாப் பேச்சு நின்றுவிடும். மழை, நூல் விலை என்று பேசுவார்கள். என்னை யாரும் கேலி செய்யவில்லை.

அதற்கு முன்னால் சொல்லாமல் இருந்தது நல்லதா, பாலத்தில் சொன்னது நல்லதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

நாலாவது கோட்டுப் படத்துக்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். திரும்பவும் கடையில் கை நீட்டிப் பேசுவதைத் தெருவில் இருந்தே பார்த்தேன். நான் நுழைந்ததும் கைகள் இறங்கின. யார் இசை என்று நானாகவே மோகனூர்க்காரனிடம் கேட்டேன். அவன் எழுந்து எனக்கு நேராக நின்றான். பட்டப்பெயரைச் சொல்லவில்லை. இசையமைப்பாளரின் நிஜப் பெயரை, இனிஷியலோடு, ஒவ்வோர் எழுத்தாக வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னான். பிள்ளைக்குப் பாடம் சொல்வது மாதிரி இருந்தது. சரி என்றேன்.

பிறகு அவன் திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான். ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. அதுவும் சத்தம்தான். காதைப் பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். அவன் கிளம்பிய அன்றைக்கு எனக்குப் பகல் ஷிப்டு.

நாலாவது படத்துக்கு நான் போகவில்லை. மனைவி கூப்பிட்டாள். சண்டையாவது பார்க்கலாம் வாங்க என்றாள். போயிருக்கலாம்.