தாய்மாமன் சொந்தம்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணி, மாதந்தோறும் மகன் கிஷாந்துக்கு ரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவாள்.

முதல் தடவை டாக்டர் கேட்டார்: "புருஷன் சொந்தமா?"

"தாய்மாமனுங்க. அசல்லயா குடுப்பாங்க?"

ரத்தத்தின் சிவப்புப் புரதத்தைச் செய்யும் மரபணு எவருக்கும் இரண்டு பிரதி. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். சொந்தத்துக்குள் கட்டினால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவின் பழுதும் அப்பாவின் பழுதும் கிஷாந்திடம் சேர்ந்துவிட்டன. டாக்டர் சொன்ன இதெல்லாம் இப்போது அவளுக்கு மனப்பாடம்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தவளிடம், தம்பி யோகராஜ் தாம்பூலத் தட்டை நீட்டி மூத்த மகள் நிரோஷாவைப் பெண் கேட்டான்.

"ரெண்டு பேரும் ரத்தம் சோதிச்சிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"எனக்கு ஒரு நோயும் இல்லியேக்கா."

"எனக்குந்தான் இல்ல," என்றாள் ஜீவராணி. "ஒங்க மாமாவுக்கும் இல்ல."