விஜயதசமியன்று இணைப்பை மறுத்த கணினி

அன்று எடைக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை வாங்கி விற்கும் முதலாளி, பாக்கார் ஆராங் பட்டணத்திலிருந்து காரில் வந்து இறங்கிய மென்பொருள் தம்பி, எடைச்சீட்டு எழுதும் நான். விஜயதசமி நல்ல நாள், புது எடை மென்பொருளை அன்றே சோதித்துவிட வேண்டும் என்று முதலாளிக்குப் பிடிவாதம். சோதிப்பது என் வேலை. அதற்குத் தனிக் கூலி நூற்றிருபது வெள்ளி. மகளின் பள்ளிப் பேருந்துக்கு அந்தப் பணத்தை மனத்துக்குள் செலவழித்தும் முடித்திருந்தேன்.

முதல் லோரியின் எடையைத் தட்டினேன். தரவுத்தளம் இணைப்பை மறுக்கிறதென்று திரையில் சிவப்பாக வந்தது.

“பாஸ்வர்ட் தப்பா போட்டீங்களா, அக்கா?”

“நீங்க எழுதிக் குடுத்ததத்தான் போட்டேன், தம்பி.”

“அப்ப லைன்தான். மழ பேஞ்சா இப்படித்தான்லா.”

வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. தம்பி கேபிளைப் பிடுங்கிச் செருகினான். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான். படித்த படிப்பெல்லாம் தீர்ந்ததும் கணினி மேலிருந்த குங்குமத்தைத் துடைத்தான்.

“டேய், பொட்ட ஏன்டா அழிக்கிற?” முதலாளி பதறினார்.

“உள்ள போயிருக்குமோன்னு பாத்தேன், அங்கிள்.”

இப்படியே இரண்டு மணி நேரம். காரணம் எனக்கு முதல் நிமிடமே தெரியும். முந்தின நாள் ஆயுத பூசை. “எல்லாத்துக்கும் ஓய்வு குடும்மா” என்றார் முதலாளி. கேமராப் பதிவும் அதே கணினியில்தான் ஓடுகிறது. அதனால் கணினியை விட்டுவிட்டு, எடைக் கணக்கைச் சேமிக்கும் தரவுத்தளத்தை மட்டும் நிறுத்தினேன். அது தானாக எழுந்துகொள்ளாது. வாசல்வரை போன இணைப்புக்கு உள்ளே ஆளில்லை, அவ்வளவுதான். இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள் இதைச் சொன்னால் பழி என் தலையில் விழுமே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

“இன்னிக்கு டெஸ்ட் வேணாம், அங்கிள்” என்றான் தம்பி. நூற்றிருபது வெள்ளி காரேறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

“அண்ணே, நேத்து நாந்தான் டேட்டாபேஸ நிறுத்தினேன். நீங்கதானே ஓய்வு குடுக்கச் சொன்னீங்க?”

“அருவாளுக்கும் தராசுக்கும் சொன்னேன்மா! அதுவுமா அசந்து போயிருந்துச்சு?”

ஒரு பொத்தானை அழுத்தினேன். லோரியின் எடை பதிவானது. மாலைவரை சோதனை ஒழுங்காக நடந்தது.

தம்பியின் பில்லில் ‘கோளாறு கண்டறிதல், இரண்டு மணி நேரம்’ என்று ஒரு வரி கூடியிருந்தது. யார் கண்டறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு மணி நேரம் உன்னாலதானே போச்சு? இப்ப பாதி வச்சுக்க, மீதிய அப்புறம் பாப்போம்.”

தீபாவளியும் வந்து போய்விட்டது. எனக்கு இன்னும் வரவேண்டியது அறுபது வெள்ளி.