பயத்தைத் தூங்கவைக்கும் வியாழக்கிழமை

பல் வைத்தியத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வலி நின்றுவிட்டதாகச் சொல்லித் திரும்பப் பார்ப்பார். நீங்களும் அப்படித் திரும்பிப் போனவர் என்றால் வெட்கப்பட வேண்டாம், வந்து உட்காருங்கள். கொல்லிமலையில் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களோடுதான் என் பொழுது போகிறது.

வியாழக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து மயக்க மருந்து டாக்டர் இளங்கோ மேலே வருவார். அவரை ஊரில் எல்லாரும் ‘மயக்க டாக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு ஆளை அடித்துப்போட்டது மாதிரி தூங்கவைப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்கு மூக்கில் ஒரு மூடி வைத்து வாயு கொடுப்போம். ரொம்பப் பயந்தவர்களுக்குக் கை நரம்பில் கொஞ்சம் மருந்து ஏற்றுவோம். கூப்பிட்டால் பதில் சொல்வார்கள், வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள். பயம் மட்டும் எங்கேயோ வெளியே போய் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஈறில் மரத்துப்போகிற ஊசி. இந்த ஏற்பாட்டைத் தொடங்கியபோது, “மலையில இதுக்கெல்லாம் யார் வரப்போறாங்க?” என்று என்னோடு படித்தவர்களே சிரித்தார்கள். யார் யார் வந்தார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கொண்டை ஊசிக்கு அஞ்சாதவர்

பழனிச்சாமி அண்ணன் லாரி டிரைவர். மலையில் விளைகிற வாழைத்தாரையும் பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவார். மழை பெய்து ரோடு வழுக்கினாலும், பனி இறங்கி முன்னால் போகிற வண்டி தெரியாவிட்டாலும், ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் பீடியுமாகக் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இறங்குகிற மனுஷன். அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. முதல் தடவை வந்தபோது என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அவ்வளவுதான். வாயில் வைத்த பஞ்சோடு நாற்காலியிலிருந்து குதித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார். அப்புறம் வலி மாத்திரையாக விழுங்கிக்கொண்டு, தூக்கம் கெட்டு, அந்தக் கண்ணோடு வண்டி ஓட்டியிருக்கிறார். பல்லாவது ஒரு பல். லாரியும் எதிரே வருகிற பஸ்ஸும் அப்படியா?

அவருடைய தம்பியைப் பிடித்து, ஒரு வியாழக்கிழமை அழைத்து வரச் சொன்னேன். மூக்கில் மூடியை வைத்ததும் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் தளர்ந்தது. நான் பல்லை அசைக்க அசைக்க, அவருடைய இரண்டு கையும் காற்றில் மெதுவாக இடமும் வலமும் திரும்பின. வலது கால் அவ்வப்போது பிரேக்கை அமுக்கியது. பல் வந்துவிட்டது என்றேன். “காரவள்ளி வந்திருச்சுங்களா?” என்றார். வாயு இறங்கித் தெளிந்த பிறகும், அன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று சாவியைத் தம்பி கையில் கொடுக்கச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் கொடுத்தார். படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: “ஏனுங்க டாக்டரம்மா, இந்தக் காத்துல ஒரு சிலிண்டரு நம்ம வண்டிக்கும் குடுங்க. பக்கத்துல உக்காந்து வாரவங்க ஒவ்வொரு வளைவுக்கும் என்னமாக் கத்தறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்க!”

டீச்சர் கொடுத்த ஆஜர்

இவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. பெயர் வேண்டாம். இவர் வராண்டாவில் நடந்து வந்தால் வகுப்புகள் தாமாகவே அமைதியாகிவிடும். அப்படிப்பட்டவர் எங்கள் வரவேற்பறையில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்னாலேயே மூன்று தடவை பாத்ரூம் போய்வந்தார். சின்ன வயதில் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்கினார்களாம். அன்றிலிருந்து மருந்து வாசனை பட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். வாயு கொடுத்து வேர்ச் சிகிச்சை செய்தோம். நடுவில், நினைவோடு இருக்கிறாரா என்று பார்க்க அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கையை உயரத் தூக்கி, தெளிவாக, “உள்ளேன் ஐயா!” என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை, சிரிப்பை முகமூடிக்குள்ளேயே விழுங்கிவிட்டோம். எல்லாம் முடிந்து புடவையைச் சரிசெய்துகொண்டு பழைய மிடுக்கோடு எழுந்தவர், என் உதவியாளர் செல்வியைத் தனியாக அழைத்து, உள்ளே ஏதாவது உளறினேனா என்று கேட்டிருக்கிறார். செல்வி சொன்ன பதில்: “ஒண்ணும் பேசலீங்க டீச்சர். ஆஜர் மட்டும் குடுத்தீங்க.”

வெறும் வயிறு என்றால்

அடிவாரத்தில் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற துரைசாமியும் அவர் மனைவி சரசாவும் காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். துரைசாமிக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் எடுக்க வேண்டும். பயம் அதிகம் என்பதால் நரம்பில் மருந்து கொடுப்பதாக முடிவு. அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முந்தின வாரமே சொல்லியனுப்பியிருந்தோம். மயக்க டாக்டர் கேட்டார், “ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” “பச்சத் தண்ணி கூடக் குடிக்கலீங்க” என்றார் துரைசாமி. நாற்காலியைச் சாய்த்தாயிற்று. கையில் பட்டை கட்டியாயிற்று. அப்போது வாசலில் நின்ற சரசா, பாவம், நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: “ஊசியத் தாங்கோணுமேன்னு பஸ் நின்ன இடத்துல நாலு இட்லி தின்னாருங்க. வேற ஒண்ணும் இல்லீங்க.”

மயக்க டாக்டர் உடனே பட்டையை அவிழ்த்துவிட்டார். துரைசாமிக்கு வந்ததே கோபம். இத்தனை வளைவு ஏறி வந்தது எதற்கு, நாலு இட்லி ஒரு சாப்பாடா, தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றெல்லாம் சத்தம் போட்டார். வெளியே காத்திருந்தவர்களும் அவர் பக்கம் பேசினார்கள். மனசுக்குள் எனக்கும் ஒரு தயக்கம் எட்டிப்பார்த்தது. இவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் இனி எந்தப் பல் டாக்டரிடமும் போகமாட்டார். ஆனால் மயக்க டாக்டர் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “அரை மயக்கத்துல அந்த இட்லி மேல வந்து மூச்சுக்குழல்ல இறங்குச்சுன்னா, பல்லுக்காக வந்த உங்களை நான் உசுருக்காகக் கீழே கொண்டு ஓடணும். அப்படி ஒரு நிலைமை வர நான் விடமாட்டேன்” என்று பொறுமையாகச் சொன்னார். வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினோம். சிகிச்சை செய்ததற்காகப் பெருமைப்பட்ட நாட்கள் பல உண்டு. செய்யாமல் அனுப்பியதற்காகப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். துரைசாமியின் முகத்தில் பசி எழுதி ஒட்டியிருந்தது. சரசாவும் வாடிப்போயிருந்தார். உங்களுக்கு என்ன என்று கேட்டேன். “நானும் பட்டினிதானுங்க. நாந் தின்னா அந்த மணத்துக்கே இந்த மனுசன் கைய நீட்டிருவாரு!”

என் வாயில் இன்னொருவர் கை

உங்களில் சிலர் இந்நேரம், “உனக்கென்னம்மா, நீ நாற்காலிக்கு வெளியே நிற்கிறவள்” என்று முணுமுணுத்திருப்பீர்கள். நானும் உள்ளே படுத்தேன். போன மழைக்காலத்தில் எனக்கு ஞானப்பல் குறுக்கே முளைத்துத் தாடையை இறுக்கிவிட்டது. என் கல்லூரித் தோழி ரேவதி, அவளும் பல் டாக்டர்தான், எனக்காக ஒரு வியாழக்கிழமை மலையேறி வந்தாள். தினமும் நான் சாய்த்துவிடுகிற அதே நாற்காலி. படுத்து மேலே பார்த்தால் விளக்கு அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. ரேவதி கருவியை எடுத்த சத்தத்துக்கே என் கை செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டது. “உனக்கும் மருந்து குடுக்கச் சொல்லட்டுமா?” என்றாள் ரேவதி. வெளியே வரவேற்பறை நிறைய ஆட்கள். டாக்டருக்கே பயமா என்று மலை முழுக்கப் பேச்சாகிவிடுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, இத்தனை பேருக்கு நான் சொன்ன தைரியம் எனக்குப் பொருந்தாதா என்று நினைத்துக் கையை நீட்டினேன். நல்லவேளையாக, தாடை வலியில் காலையிலிருந்து எனக்கு எதுவும் இறங்கவில்லை. மயக்க டாக்டர் அதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அது எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி கருவிச் சத்தம் தூரத்தில் கேட்டது. பல்லை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. எடுத்தால் எடுக்கட்டும் என்றிருந்தது. தெளிந்து, கன்னத்தில் ஐஸ் பையோடு நான் வெளியே வந்தபோது அங்கே எல்லாரும் என் கன்னத்தையே பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தும் செல்வி வழியாக எல்லாம் வெளியே வந்துவிட்டது. மறைக்க எனக்குத் தோன்றவில்லை. “ஆமா, நானும் வாங்கிக்கிட்டேன்” என்று குழறிக்கொண்டே சொன்னேன். அந்த நேரம் பையை எடுத்துக்கொண்டு நைசாக வாசலுக்கு நகர்ந்திருந்த ஓர் அம்மா, சந்தையில் மிளகு விற்பவர், திரும்பி வந்து பையைக் கீழே வைத்துச் செல்வியிடம் சொன்னார்: “டாக்டரம்மாளே வாங்கிக்கிட்டாங்கன்னா எனக்கென்ன வெக்கம்? எம்பட பேர எழுதிக்க, கண்ணு.”

பொன்னி

பொன்னிக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. மனசு சின்னக் குழந்தையுடையது. பேச்சு நாலைந்து சொல்தான். இதே மலையில் பைல் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அம்மா வெள்ளையம்மாளோடு இருக்கிறாள். சில வாரங்களாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாமைச் சோற்றைத் தள்ளிவிட்டாள், கஞ்சியைக் கொட்டினாள், கன்னத்தைத் தன் கையாலேயே அறைந்துகொண்டாள். பிடிவாதம் என்றார்கள் சிலர், காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். கோயிலுக்கும் கூட்டிப் போனார்கள். ஊருக்கு வருகிற கிராம நர்ஸ்தான் வாயைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். முதல் நாள் என் விரலைக் கடித்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு நொடியில் நான் பார்த்தது போதும். கடைவாய்ப் பல் இரண்டு கரைந்து சீழ் கட்டியிருந்தது. சொல்ல வாயில்லாத பெண் இத்தனை நாள் அந்த வலியோடு இருந்திருக்கிறாள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வெள்ளையம்மாள் தலையை ஆட்டினார். பஸ் நகர்ந்தாலே பொன்னி கதவைத் திறக்கப் போவாளாம். மயக்க டாக்டர் அவளுடைய நெஞ்சை, மூச்சைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை கேட்டார். “இங்கேயே செய்யலாம். கொஞ்சம் சரியில்லைன்னு தோணினாலும் நிறுத்திடுவேன். வெளியே ஆம்புலன்ஸ் நிக்கணும்” என்றார். அதற்கு முன்னால் சில நாள் பொன்னி சும்மா வந்து போனாள். செல்வி அந்த மூக்கு மூடியைத் தானே போட்டுக்காட்டினாள், வெள்ளையம்மாளுக்குப் போட்டாள், கடைசியில் எனக்கும் போட்டாள். எங்கள் மூன்று பேரின் மூஞ்சியையும் பார்த்து பொன்னி சிரித்தாள். பிறகு தானே மூடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை அம்மாவின் கையை அவள் விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை. முதலில் வாயு, கை தளர்ந்ததும் நரம்பில் மருந்து. மூச்சைக் கணக்குப் பார்க்கிற மெஷின் மேலேயே மயக்க டாக்டர் கண் வைத்திருந்தார். இரண்டு பல்லையும் எடுத்தேன், சீழை வடித்தேன், இன்னும் இரண்டை அடைத்தேன். என் முதுகில் வேர்வை ஓடியது நினைவிருக்கிறது. கண் விழித்ததும் கத்துவாள் என்று எல்லாரும் தயாராக நின்றோம். அவள் நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். யாரும் சொல்லாமல் தானே “ஆ” என்று வாயைத் திறந்து காட்டினாள். மயக்க டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த சந்தை நாளில், வரச் சொல்லாமலே வெள்ளையம்மாள் வந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். வாசல் நிறைய நோயாளிகள் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, நேரே உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லாத் தூங்கறா, சாமி. காத்தால சட்டிய வழிச்சுத் தின்னுபுட்டு, இன்னும் போடுன்னு தட்டத் தட்டறா. நாந்தான் அடுப்படியில நின்னுக்கிட்டு, வேணும்னே கொஞ்சம் தாமசமாப் போடறேன், அந்தச் சத்தத்தக் கேக்கோணும்னு.”

ஆக, பல் டாக்டருக்குப் பயந்து மலையேறி ஒளிந்துகொள்ளலாம் என்று யாராவது நினைத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன், காலையில் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள்.