நான்கு படங்கள், ஒரே அடிக்கல்

நியூ ஜெர்சி, 2008. ஓர் இத்தாலியப் பெரியவரின் முடிதிருத்தும் கடை. என் நண்பன் நாசர் முடி வெட்டிக்கொள்கிறான், நான் காத்திருக்கிறேன். சுவரில் வரிசையாக நான்கு படங்கள். நான்கிலும் ஒரே ஆள், ஒரே ஆற்றங்கரை, கையில் சிமெண்ட் கரண்டி. தலைமுடி மட்டும் படத்துக்குப் படம் வெளுத்துக்கொண்டே போகிறது.

"யாருடா இது?"

"இவரோட இத்தாலி ஊர்க்காரன், மச்சான். முதல்ல கவுன்சிலர், அப்புறம் மேயர், அப்புறம் மாகாணத் தலைவர், இப்போ எம்.பி. ஒவ்வொரு எலெக்ஷன் வின் பண்ணதும் வந்து அதே பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவான்."

"பாலம்?"

"கல்லு இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான்கு முறை ஏமாற்றியவனுக்குச் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை!

கதவோரம் ஒரு பயணப் பெட்டி தயாராக நிற்கிறது. அவனுக்கு ஓட்டுப் போட வேண்டுமென்றால் ஊருக்கே போக வேண்டுமாம். பெரியவர் கடையைப் பூட்டிவிட்டு இன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறார்.

"இந்த முறையும் அவனுக்கேவா?" என்று அவரிடமே ஆங்கிலத்தில் கேட்டுவிடுகிறேன்.

கத்தரிக்கோல் நிற்கிறது. "எங்கள் ஊர்ப் பையன். வேறு யாருக்குப் போடுவேன்?"

ஊரில் அவர் வீடு அந்த ஆற்றின் அக்கரையில் இருக்கிறதாம். அட்லாண்டிக்கையே தாண்டிப் போகிற மனிதர், கண்ணெதிரே தெரியும் தன் வீட்டுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"அடுத்து மந்திரி ஆவான்" என்கிறார் பெருமையோடு. நிமிர்ந்து பார்க்கிறேன். ஐந்தாவது படத்துக்கு இப்போதே ஆணி அடித்து வைத்திருக்கிறார்.